மோரோடைத் தட்டைக்கல்

என் மதினி டோவி பிடிவாதக்காரி என்று எங்கள் மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொன்னால் மட்டும் "நாத்தனாராச்சே, வேற எப்படிப் பேசுவா" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளோடு அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவள் நான். ஒரே ஊற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒரே வேலியின் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறோம். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கும் இல்லை.

அவள் பிறந்தது மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே எல்லாரும் மெதடிஸ்ட். கைக்குழந்தையின் தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு அதை ஞானஸ்நானம் என்று சொல்லிக்கொள்கிற ஜனங்கள். இந்தப் பக்கம் மோரோடை. கல்லில் மோதி நுரைத்து ஓடுவதால் அந்தப் பெயர். அதன் கரையில் இருப்பது எங்கள் பாப்டிஸ்ட் சபை. எங்களுக்கு ஆள் வளர்ந்து, சபைக்கு முன்னால் வாய் திறந்து சாட்சி சொல்லி, ஓடையில் முழு உடம்பும் முங்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். ஒரு விரல் வெளியே நின்றாலும் செல்லாது. என் அண்ணன் ஆர்வில் அவளைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே, எங்கள் அப்பா கிளோவிஸ் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்துவிட்டார்.

"செடிக்குத் தெளிக்கிற மாதிரி தெளிச்சு விட்டுட்டு, அதுக்குப் பேரு ஞானஸ்நானமாம். வர்ற கோடையில ஓடைக்கு வந்து ஒழுங்கா முங்கு."

"மாமா, எங்கம்மா என்னைப் பச்சப்புள்ளையாத் தூக்கிட்டு, பனியில அவ்வளவு தூரம் நடந்து போய்ச் செஞ்சு வச்சது அது. செல்லாதுன்னா அவ நடந்த நடையும் செல்லாதா?"

அப்பா மோரில் சோள ரொட்டியைப் பிட்டுப் போட்டுத் தின்பதில் மும்முரமாகிவிட்டார்.

மதினியின் அப்பா கார் தொழிற்சாலை வேலைக்கு என்று வடக்கே டெட்ராய்ட் போனவர். முதலில் பணம் வந்தது, பிறகு கடிதம் மட்டும் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. அம்மா ஒருத்திதான் அவளை ஆளாக்கினாள். ஆகையால் அம்மா செய்துவைத்த ஒன்றை யாரும் செல்லாது என்று சொன்னால் மதினிக்குப் பொறுக்காது. எங்கள் சபைக்கு ஞாயிறு தவறாமல் வருவாள், எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவாள், சபைச் சாப்பாட்டுக்கு முதல் ஆளாக ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்து வைப்பாள். தண்ணீரில் மட்டும் இறங்கமாட்டாள். "மறுபடியும் முக்கி அலச நான் என்ன அழுக்குத் துணியா?" என்று கேட்பாள். கோடைக்குக் கோடை பாஸ்டர்கள் கேட்டார்கள், பாஸ்டர்கள் மாறினார்கள், அவள் பதில் மாறவில்லை.

அவள் வேலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. எங்கள் மலைப்பாதையில் அந்த மஞ்சள் பஸ்ஸை வளைத்து எடுக்க நல்ல நல்ல ஆண்பிள்ளைகளே தயங்குவார்கள். இவள் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறுகையில் காப்பியுமாகப் போவாள். பிள்ளைகள் வாலாட்டினால் திட்டமாட்டாள், கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், பஸ் முழுக்க அமைதி. என் பையன்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமாகிவிட்டது, இன்னமும் அந்தப் பார்வைக்குப் பயப்படுகிறார்கள்.

காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் பஸ்ஸைச் சபைக்குப் பக்கத்தில் ஓடையோரம் நிறுத்திவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அப்படி இறங்கினால், ஓடையில் கறுப்பு உடுப்புப் போட்ட ஒருத்தி குப்புறக் கிடக்கிறாள். மதினி போட்ட செருப்போடு பாய்ந்து, காலைப் பிடித்துத் தரதரவென்று கரைக்கு இழுத்துவிட்டாள். பிணம் எழுந்து உட்கார்ந்து, வாயில் இருந்த குழாயைத் துப்பிவிட்டு, "யாருங்க நீங்க? கைக்கு வந்ததை விட வச்சிட்டீங்களே" என்று சண்டைக்கு வந்தது. அவள்தான் கெண்ட்ரா. பல்கலைக்கழகத்திலிருந்து ஓடை ஓடையாகப் போய்ச் சேற்றுப்பேய்களைத் தேடிக்கொண்டிருந்தவள்.

சேற்றுப்பேய் என்பது நாங்கள் கூப்பிடுகிற பெயர். புத்தகத்தில் ஹெல்பெண்டர். ஒரு முழ நீளம், அதற்கு மேலும் வளரும். சப்பட்டைத் தலை, மிளகு மாதிரிக் கண், விலாவின் இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல். பெரிய தண்ணீர்ப் பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லி என்றால் கெண்ட்ராவுக்குக் கோபம் வரும், அது தவளைக்குத்தான் சொந்தமாம். அது மூச்சு விடுவது தோல் வழியாக. தண்ணீர் குளிர்ந்து, தெளிந்து, ஓடிக்கொண்டிருந்தால்தான் அது பிழைக்கும். கடித்தால் விஷம், மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும், தூண்டிலில் அது சிக்கினால் அன்றைக்கு மீன் படாது என்று எங்கள் ஆட்கள் சொல்லிச் சொல்லியே அதைக் கரையில் போட்டு அடித்தார்கள். மரத்தில் ஆணி வைத்து அறைந்தவர்களும் உண்டு. விஷமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அது தின்பது பெரும்பாலும் ஓடை நண்டை.

இழுத்துப்போட்ட பாவத்துக்கு மதினி அன்று முழுக்க கெண்ட்ராவுக்குக் கல் தூக்கிப் பிடித்தாள். மறுநாளும் போனாள். அந்தக் கோடை முழுக்கப் போனாள். செப்டம்பர் வந்ததும் கெண்ட்ரா கல் தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

"இனிமே தொடக்கூடாது. முட்டை இருக்கும். கல்லுக்கு அடியில அப்பன் காவல் இருப்பான்."

"யாரு?"

"ஆண்தாங்க. முட்டை போட்டதும் பெட்டையைத் துரத்திடுவான். குஞ்சு பொரியற வரைக்கும், அதுக்கப்புறமும் கொஞ்ச நாளைக்கு, அவன்தான். முட்டைக்குக் காத்து வேணும்னு உடம்பை ஆட்டி ஆட்டித் தண்ணியை விசிறிக்கிட்டே இருப்பான்."

மதினி, "அப்பனா?" என்று மறுபடியும் கேட்டாளாம். கெண்ட்ரா இதை என்னிடம் சொன்னபோது அவளுக்கு மதினியின் அப்பாவைப் பற்றித் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மறுவாரம் மதினி என்னை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சபைக்காரர்கள் ஞானஸ்நானம் கொடுக்கிற மடுவுக்குச் சற்றுக் கீழே பெரிய தட்டைக்கல் ஒன்று உண்டு, கதவுப் பலகை அளவு. அதன் அடியிலிருந்து சப்பட்டைத் தலை ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது.

"இனா, நல்லாப் பாரு. அசல் மாமா மாதிரி இல்ல? அதே தலை, அதே கண்ணு. யாரு வந்தாலும் வாசலை மறிச்சுக்கிட்டு."

"எங்கப்பா செத்து வருஷம் திரும்பல. அதுக்குள்ள அவரைப் பல்லியாக்கிட்டியா?"

"மரியாதையாத்தாண்டி சொல்றேன். உங்கப்பா எங்கயும் போகல பாரு, கடைசி வரைக்கும். அதுக்குச் சொன்னேன்."

அன்றிலிருந்து அதற்குக் கிளோவிஸ் மாமா என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்பா உயிரோடிருந்தால் மேஜையைக் குத்தியிருப்பார். நான் இன்னும் அவளை முழுசாக மன்னிக்கவில்லை.

அதன்பிறகு அவள் எங்களைப் படுத்தின பாடு கொஞ்சமல்ல. மாடு ஓடையில் இறங்கித் தண்ணீரைக் கலக்கக்கூடாது என்று அண்ணனுடைய மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டாள். கரை மண் சரியாமலிருக்க ஆல்டர் மரமும் வில்லோ மரமும் நட்டாள். கோடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ஓடைக்கல்லை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படம் பிடிப்பார்கள். இவள் போய் அந்தக் கண்ணாடிப் பார்வையைப் பார்ப்பாள். பெரிய மனிதர்களெல்லாம் கோபுரத்தைக் கலைத்து, கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

இதில் அதிகம் அடிபட்டவன் என் அண்ணன். மைக்காச் சுரங்கத்தில் வேலை, ஓய்ந்தால் மீன்பிடிப்பு. இரண்டைத் தவிர அவனுக்கு மூன்றாவது கிடையாது. ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தபோது, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். உள்ளே ஒரு சேற்றுப்பேய், உதட்டில் தூண்டில் முள்.

"மத்தவங்க மாதிரி கயிறை அறுத்து விட்டுட்டு வந்திருக்க வேண்டியதுதானே" என்றேன் நான்.

"வந்திருப்பேன். ராத்திரிச் சாப்பாட்டுல இவ மூஞ்சியை யாரு பாக்கறது?" என்றான்.

மதினி கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முள்ளை எடுத்தான். அதன் உடம்புக் கோழை முழங்கை வரைக்கும் ஒட்டியது. வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டுதான் எடுத்தான். ஆனாலும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பிள்ளை இல்லாத வீடு அது. அந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார்கள்.

சுரங்கத் தூசி அண்ணன் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. முதலில் இருமல், பிறகு படி ஏறினால் இளைப்பு, பிறகு மூக்கில் குழாயும் பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டரும். போன வருஷக் கோடையில் டாக்டர் மதினியைத் தனியாகக் கூப்பிட்டு, இலை உதிரும் வரைக்கும் தாங்கினால் அதிகம் என்று சொல்லிவிட்டார். அவள் அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அவனுக்குத் தெரியும்.

அவன் கேட்டது வேறு. எங்கள் சபைக்குப் பின்னால் மேட்டில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மோரோடையில் முங்கி எழுந்தவர்களுக்குத்தான் அதில் இடம். புருஷன், பெண்டாட்டி என்ற விலக்குக் கிடையாது. எங்கள் பாட்டன்மார் போட்ட சட்டம், அதை மாற்ற இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. நான் அடுப்படியில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"டோவி, நான் அங்க மேட்டுல தனியாவா படுத்திருக்கணும்?"

"உனக்கென்ன தனி? உங்கப்பா இருக்காரு, உங்கம்மா இருக்கா. இந்த இனா வந்து சேர்ந்துட்டா, பேசிப் பேசியே எல்லாரையும் எழுப்பிடுவா."

"டோவி."

அவ்வளவுதான் சொன்னான். அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நீ போனப்புறம் பண்ணிக்கிறேன் ஆர்வில்."

"மாட்டே. உன்னைத் தெரியாதா எனக்கு. நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டா நிம்மதியாப் போவேன்."

"எங்கம்மாவைப் பாக்கறப்ப அவளுக்கு நான் என்ன சொல்றது?"

"அவங்க தெளிச்ச தண்ணி இன்னும் காயல, அதும்மேலதான் இதுன்னு சொல்லு."

மதினி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவள் அழவில்லை, மேஜையைத் துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் கண் நிறைந்து பாத்திரம் தெரியவில்லை. எத்தனையோ பாஸ்டர்களால் ஆகாததை என் அண்ணன் ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டான்.

சபையில் வருஷா வருஷம் நடக்கும் எழுப்புதல் ஜெபக்கூட்டம் முடிந்து செப்டம்பர் முதல் ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். வெள்ளை அங்கியை நான்தான் தைத்தேன். அங்கி தண்ணீரில் மிதந்து மேலே வந்து மானத்தை வாங்காமலிருக்க, ஓரத்தை மடித்து ஈயக்குண்டு வைத்துத் தைப்பது எங்கள் வழக்கம். அண்ணன் தன் தூண்டில் பெட்டியைத் திறந்து, இருந்த குண்டையெல்லாம் என் மடியில் கொட்டினான். "இனிமே எனக்கு எதுக்கு" என்றான். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. இடுப்பளவு நிற்கிற மடுவில் முழங்கால் தண்ணீர்தான். சனிக்கிழமை சபை ஆண்கள் குறுக்கே கல் அடுக்கி அணை கட்டப் போனார்கள். சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன் வெர்லின்தான் முன்னால் நின்றார். மதினி அவரிடம் நேரே போனாள்.

"பிரதர் வெர்லின், கரைக்கல்லா எடுத்துக்குங்க. தண்ணிக்குள்ள கிடக்கிற எதையும் தொடாதீங்க. இது முட்டைக் காலம்."

"வாக்குக் கொடுத்தாச்சு சிஸ்டர். உங்க பேய்களுக்கு ஒரு குறையும் வராது" என்றார் வெர்லின்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் ஓடைக்கு வந்தோம். அண்ணனை நாற்காலியோடு என் பையன்கள் தூக்கி வந்து நிழலில் வைத்தார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது, ஆனாலும் டை கட்டியிருந்தான். மதினி அங்கியில் நின்றாள். இப்போதைய பாஸ்டர் ஹோயில் தண்ணீரில் இறங்கினார், பாட்டு ஆரம்பமானது. பாஸ்டர் குள்ளம், ஒல்லி. மதினியோ வாட்டசாட்டமான மனுஷி. அவரால் இவளைத் தாங்க முடியுமா என்று பெண்கள் பக்கத்தில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அணை கசிய ஆரம்பித்தது. நடுவில் ஒரு கல் சரிந்து, மடு கண்ணுக்கு முன்னால் வற்றியது. வெர்லின் ஓட்டையைப் பார்த்தார், நாற்காலியில் மூச்சுக்குத் திணறுகிற என் அண்ணனைப் பார்த்தார். அந்த மனிதரைக் குற்றம் சொல்லி என்ன? ஆர்விலால் இன்னும் ரொம்ப நேரம் உட்கார முடியாது என்பதுதான் அவர் நினைப்பில் இருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரோடு அணைக்குக் கீழே இறங்கி, கைக்குக் கிடைத்த பெரிய கல்லை நெம்பிப் புரட்டிவிட்டார்.

அது தட்டைக்கல்.

மண் கலங்கி எழுந்தது. கலங்கலுக்குள்ளிருந்து முழ நீளத்துக்கு ஒன்று நெளிந்து வந்தது. முன்வரிசைப் பெண்கள் பாட்டை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்கள். "பேய், பேய், அடி அதை" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மதினி பாஸ்டரைத் தள்ளிவிட்டு, அணையைத் தாண்டிக் கீழே போனாள். அந்த வயதில் அவ்வளவு வேகம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

கல் இருந்த குழியில் மஞ்சள் பாசிமணியைக் கோத்துச் சுருட்டி வைத்த மாதிரி முட்டைகள் கிடந்தன. ஒரு கொத்துப் பிய்ந்து தண்ணீரோடு போய்விட்டது. மீதியும் அசைந்து அசைந்து கிளம்பப் பார்த்தது. மதினி யோசிக்கவே இல்லை. தண்ணீர் வரும் பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து, குழிக்கு முன்னால் ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கால்களை இரண்டு பக்கமும் அகட்டி, அங்கியை முட்டைக்கு மேல் விரித்துவிட்டாள். ஓரத்து ஈயக்குண்டு துணியை அடியோடு பிடித்துக்கொண்டது. முதுகில் மோதின தண்ணீர் இரண்டாகப் பிரிந்து விலகிப் போனது. முட்டை அசையாமல் நின்றது.

"கல்லைத் திருப்பிக் கொண்டாங்க" என்றாள்.

"சிஸ்டர், அது இந்த ஓட்டையை அடைக்கிற கல்லு" என்றார் வெர்லின். என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"தெரியும் வெர்லின். கொண்டாங்க."

பாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சிஸ்டர் டோவி, கொஞ்சம் யோசிங்க. இந்தக் கல்லு போனா அணை நிக்காது. அணை இல்லன்னா மடு இல்ல. இன்னைக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. மழை பெய்யற வரைக்கும் காத்திருக்கணும்."

மழை வரைக்கும் யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்று அங்கே தெரியாதவர் யாருமில்லை. மதினி தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். எத்தனையோ வருஷப் பிடிவாதத்தில் அவள் ஒரு விஷயத்தை அவன் கையில் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆர்வில், நீ சொல்லு."

அவள் என்ன ஆசைப்படுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் என்ன ஆசைப்படுகிறான் என்று அவளுக்கும் தெரியும். நான் என் அண்ணன் பக்கம். அதை மறைக்க மாட்டேன். போகட்டும் விடு, முட்டையாம் முட்டை என்று கத்த எனக்கு வாய்வரை வந்துவிட்டது.

அண்ணன் மூக்குக் குழாயைச் சரி பண்ணிக்கொண்டு, மூச்சுச் சேர்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"புள்ளைக்குக் காவல் இருக்கறவன் வீட்டுக் கூரையைப் பிரிச்சு எனக்கு நிம்மதி வேண்டாம். கல்லைப் போடுங்கப்பா."

ஆண்கள் கல்லைத் தூக்கி வரும் வரைக்கும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எங்கள் மலைத் தண்ணீர் செப்டம்பரிலும் எலும்பைப் பிடிக்கும். பல் கிட்டியது, உதடு வெளுத்தது, நகரவில்லை. அந்தக் கிழப் பிராணி கரையோரம் வெயிலில் தவித்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக ஊர்ந்து வந்து, அங்கியின் ஓரத்தை மூக்கால் தூக்கி, உள்ளே போய், முட்டைகளைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. முன்பு ஓடின பெண்களெல்லாம் ஒவ்வொருத்தராகக் கிட்டே வந்து பார்த்தார்கள். துணிக்கு அடியில் அது உடம்பை ஆட்டி ஆட்டித் தண்ணீரை விசிறுவது அங்கியிலேயே தெரிந்தது.

"மாமா உள்ள வந்துட்டாரு" என்றாள் மதினி, என்னைப் பார்த்து.

வெர்லின் கல்லின் ஒரு முனையைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல அங்குலம் அங்குலமாக இறக்கினார். முன்பிருந்த மாதிரியே வாசல் கீழ்ப்பக்கமாக வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் கல்லுக்கு அடியிலிருந்து அங்கியை உருவிக்கொண்டு எழுந்தாள். அதற்குள் அணை முழுசும் கரைந்து, ஓடை பழையபடி முழங்கால் தண்ணீராகிவிட்டது.

"பாஸ்டர், கீழே தள்ளிப் போவோம். நான் படுத்துக்கிறேன். நீங்க அமுக்குங்க" என்றாள்.

பாஸ்டர் தயங்கினார். எங்கள் சபையில் யாரும் அப்படி முங்கியதில்லை. ஆனால் படுத்து முங்கக்கூடாது என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. தட்டைக்கல்லைத் தாண்டிக் கொஞ்சம் கீழே ஒரு மணல் திட்டில் அவள் மல்லாந்து படுத்தாள். பாஸ்டர் தலையையும் தோளையும் அழுத்தினார். முழங்கால் இரண்டும் வெளியே வந்துவிட்டன.

"முட்டி தெரியுது" என்றார் வெர்லின். அவருக்கே அழுகை வந்தது, ஆனாலும் பார்த்ததைச் சொல்ல வேண்டியது டீக்கன் கடமை.

மறுபடி செய்தார்கள். முட்டியை அமுக்கினால் வயிறு எழும்பியது. பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மதினியே தண்ணீருக்குள் சிரித்துப் புரையேறி எழுந்து உட்கார்ந்தாள். பாஸ்டருக்கு ஒரு ஜோடிக் கைதானே.

"என்னைத் தூக்கிட்டுப் போங்கடா" என்றான் அண்ணன்.

"மாமா, வேணாம். தண்ணி சில்லுன்னு இருக்கு" என்றான் என் மூத்தவன்.

"தூக்கச் சொன்னா தூக்கு."

நாற்காலியோடு தூக்கி ஓடைக்குள் இறக்கினார்கள். நான் சிலிண்டரை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். காலுறை, ஷூ எல்லாம் தண்ணீருக்குள் போனது. அண்ணன் முன்னால் குனிந்து, அந்த எலும்புக் கைகள் இரண்டையும் அவள் முழங்கால்மேல் வைத்தான்.

"தயாரா?" என்றான்.

"சும்மா பேசி மூச்சை வீணாக்காதே" என்றாள் அவள்.

பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லித் தலையை அமுக்கினார். அண்ணன் உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினான். நான் சிலிண்டரோடு அவள் வயிற்றில் ஒரு காலை வைத்தேன், நாத்தனார் என்று இருந்தால் இதற்காவது ஆகட்டும். தண்ணீர் அவளை மூடியது.

வெர்லின் குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். "முழுசும் உள்ள போயிருச்சு. ஒண்ணும் வெளிய இல்ல" என்றார். கரை முழுக்க ஆமென் என்றது.

அண்ணன் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. டாக்டர் சொன்ன கணக்குக்கு முன்னாலேயே போய்விட்டான். மேட்டில் அவனுக்கு இடப்பக்கம் ஒரு இடம் காலியாக விட்டிருக்கிறோம். எனக்கு அவனை நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது ஓடையில் அன்றைக்கு அவன் இருந்த இருப்புதான்.

எங்கள் சபையில் முங்கி எழுந்தவருக்கு எல்லாரும் வரிசையாக வந்து வலதுகை கொடுத்து, இனி நீ எங்களில் ஒருத்தி என்று சேர்த்துக்கொள்வது முறை. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த கை அது. அன்றைக்கும் எல்லாரும் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். பாஸ்டர் முதலில் கையை நீட்டினார். மதினி தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுக எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன் இன்னும் அவள் முட்டியை விடவில்லை. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். ஓடையின் வேகம் முழுசும் அவன் முழங்காலில் மோதிக்கொண்டிருந்தது.

அவள் பாஸ்டரின் கையைப் பார்க்கவே இல்லை. அப்படியே நகர்ந்து, நாற்காலிக்கும் தண்ணீருக்கும் நடுவே வந்து, வருகிற தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். ஈரமான அங்கியை இழுத்து அவன் கால்மேல் விரித்தாள்.

"சிஸ்டர் டோவி, சபை கை கொடுக்க நிக்குது" என்றார் வெர்லின்.

"நிக்கட்டும்."

"போதும் டோவி, எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க" என்றான் அண்ணன்.

"பாக்கட்டும். தண்ணி வேகமா வருது. நீ காலை உள்ள வை."

என் பையன்கள் நாற்காலியைத் தூக்கிக் கரையில் கொண்டுபோய் வைக்கும் வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.